பூட்டிய பைக்குத் தையல்

மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் அந்தச் சரிவில் வெளிச்சம் களைத்துப் போய்விடும். டிசம்பர் என்றால் சொல்லவே வேண்டாம். பள்ளத்திலிருந்து மூட்டம் மெதுவாக ஏறி, காப்பிச் செடிகளை ஒவ்வொரு வரிசையாக விழுங்கிக்கொண்டு, கடைசியில் ஸ்டோர் ரூமின் கம்பி ஜன்னலில் வந்து நிற்கும். உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல நிற்கும். வெளியே போக முடியாதவர்களிடம் அப்படிக் கேட்பதில் என்ன அர்த்தம் என்று சாந்தாமேரி நினைத்துக்கொள்வாள்.

ஏற்காடு மலையில் வாழவந்திக்குக் கீழே இருந்த அந்த எஸ்டேட்டில் அது பழம் பறிக்கிற காலம். கையும் காலும் உள்ளவர்களெல்லாம் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு சரிவில் இருந்தார்கள். அவளுடைய அம்மா அற்புதமும் அங்கேதான். சாந்தாவை மட்டும் உள்ளே உட்கார வைத்திருந்தார்கள், தோல் தைக்கத் தெரிந்தவள் என்பதால். கூடை வார், மேஸ்திரியின் பூட்ஸ், அட்டைப்பூச்சிக்காகக் காலில் சுற்றுகிற தோல் பட்டை என்று கிழிந்தது எதுவாக இருந்தாலும் அவள் மடிக்கு வந்தது.

அந்த வேலை அவளுக்கு வந்த கதை சின்னது. அப்பா சூசைமாணிக்கத்துக்குத் தொழுநோய். வேலூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான்கு வருஷம் வைத்துப் பார்த்தார்கள். துணைக்குப் போன சாந்தாவுக்கு அப்போது பதினைந்து வயது. உணர்ச்சி செத்த பாதங்களுக்கு ஒரு முள் குத்தினாலும் தெரியாது என்பதால், ஒவ்வொரு நோயாளிக்கும் பாதத்தை அளந்து செருப்பு தைக்கிற பிரிவு ஒன்று அங்கே இருந்தது. பகல் முழுக்க அப்பா தூங்குவார். சாந்தா போய் அந்தப் பிரிவில் உட்கார்ந்துகொள்வாள். அப்பாவின் உடலோடு ஊர் திரும்பியபோது அவள் கையில் தோலைத் துளைக்கிற குத்தூசியின் காய்ப்பு ஏறியிருந்தது. பிரிவைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் இன்பமேரி பஸ் வரை வந்து, "இடம் காலியானா எழுதறேன், வந்துடு" என்று சொல்லியிருந்தார்.

மூன்று வருஷம் ஆகிவிட்டது. இந்த எண்பத்திரண்டாம் வருஷமாவது கடிதம் வரும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் மனுவேலிடம் போய்க் கேட்டாள். மனுவேல் அவளுக்கு ஞானஸ்நானத்தில் கைபிடித்த ஞானத்தகப்பன், பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். கோபமே வராத மனிதர். "வந்தாக் குடுக்க மாட்டனா கண்ணு?" என்பார். பழம் பறிக்கப் போக வேண்டாம், நிழலில் உட்கார்ந்து தை என்று அவளை ஸ்டோர் ரூமுக்குள் அனுப்பியவரும் அவர்தான். அதை நினைத்தால் அவர்மேல் குறைபட முடியவில்லை. குறைபட முடியாததுதான் அவளைக் கட்டிப்போட்டது. ஒவ்வொரு தையலும் நன்றாக விழ விழ, "இந்தப் புள்ளை இருக்கறப்ப நமக்கென்ன" என்று சொல்லி இன்னும் இரண்டு பூட்ஸைக் கொண்டுவந்து போட்டார்கள்.

அன்றைக்கும் சனிக்கிழமை. டிசம்பர் பதினெட்டு. ஸ்டோர் ரூம் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு தபால்காரர் ஐயாக்கண்ணு உள்ளே வந்தார். தினமும் ஏற்காடு போஸ்டாபீசுக்கு நடந்து போய் எஸ்டேட்டின் தபால் பையைக் கொண்டுவருகிறவர் அவர். நடையில் ஒரு நாளும் அவசரம் இருக்காது. இன்றைக்கு மேல்மூச்சு வாங்கியது.

"கண்ணு, இருக்கறயா? நல்லவேளை சாமி."

"ஏனுங்ண்ணா, பேயைப் பாத்தாப்பல வர்றீங்க?"

"பேயின்னாக்கூடத் தேவலையே. அது எத்தனை கடுதாசின்னு கேக்காது." வயிற்றோடு அணைத்திருந்த பையைத் திருப்பிக் காட்டினார். அடிமூலையில் தையல் பிரிந்து, ஆறு விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது.

"எப்புடிங்ண்ணா?"

"கொய்யாப்பழம்."

"என்னதுங்க?"

"தலைச்சோலை குறுக்கு வழியில, வேலிக்கு அந்தாண்ட ஒரு கொய்யா. இத்தனை பெருசு. கண்ணுல பட்டப்பறம் எப்புடிப் போறது, நீயே சொல்லு. முள்ளுக்கம்பிக்கு நடுவால நுழைஞ்சேன். நான் வந்துட்டேன், பை வரலை."

"பழம்?"

"அதுல புழு."

சாந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. ஐயாக்கண்ணு சிரிக்கவில்லை. அந்தப் பையின் சட்டம் எஸ்டேட்டில் குழந்தைக்கும் தெரியும். தடித்த எருமைத்தோல் பை. வாயில் பித்தளைப் பட்டை, பட்டையில் பூட்டு. சாவி இரண்டே இரண்டு. ஒன்று போஸ்ட்மாஸ்டரிடம், ஒன்று ரைட்டரிடம். போஸ்ட்மாஸ்டர் கடிதங்களைச் சணல் கயிற்றால் கட்டி, மொத்தம் எத்தனை என்று ஒரு சீட்டு எழுதிக் கயிற்றில் செருகிப் பூட்டுவார். ரைட்டர் திறந்து எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, மறுநாள் அந்தச் சீட்டைத் திருப்பி அனுப்புவார். வழியில் பை கிழிந்தால் போஸ்டாபீசுக்கே திருப்பிக் கொண்டுபோய், போஸ்ட்மாஸ்டர் முன்னால்தான் திறக்க வேண்டும்.

"திருப்பிக் கொண்டு போனா ரைட்டருக்குத் தெரிஞ்சு போகும். போன வருசம் ஓடையில நனைச்சது ஒண்ணு, சந்தையில மறந்து வெச்சது ஒண்ணு. மூணாவது தடவைன்னா பையைக் கழட்டிக் குடுத்துட்டு மம்பட்டி எடுத்துக்கன்னு சொல்லியிருக்காரு. ஊட்டுல கண்ணாயிக்குத் தெரிஞ்சா அந்த மம்பட்டியாலயே என்னைப் பொதைச்சிருவா. நாலு மணிக்கு மேசை மேல இருக்கோணும். தைச்சுக் குடு சாமி. தைச்ச மாதிரியே இருக்கக் கூடாது."

"தைச்ச மாதிரி இல்லாம தைக்கோணுமா? நல்லா இருக்குதுங்க நாயம்."

சொல்லிக்கொண்டே பையை மடியில் வாங்கினாள். கிழிசலை விரலால் தடவியதும் மனம் வேலைக்குள் போய்விட்டது. தோல் தைப்பதென்றால் இரண்டு ஊசி வேண்டும். இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று, இரண்டும் ஒரே துளையில் எதிரும் புதிருமாகப் போய்வர வேண்டும். அப்படித் தைத்தால் ஒரு நூல் தேய்ந்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். அதற்கு ஒரு கை பைக்குள் இருக்க வேண்டும். இதுவோ பூட்டிய பை. கிழிசலில் இரண்டு விரலுக்கு மேல் நுழையவில்லை.

மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி, கோணி ஊசி ஒன்றைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, பிறை மாதிரி வளைத்தாள். வெளியிலிருந்தே ஒரு விளிம்பில் குத்தி, உள்ளே வளைந்து போய், மறு விளிம்பில் தலைகாட்டும். நூலைத் தேன்மெழுகில் இழுத்து, விளக்குக் கரியில் இழுத்து, பழைய நூலின் நிறத்துக்குக் கொண்டுவந்தாள். புதிதாக ஒரு துளைகூடப் போடக் கூடாது. பழைய துளைகள் பதினேழு. இரண்டு துளை முன்னே, ஒன்று பின்னே என்று இறுக்கிக்கொண்டே போனால் பழைய தையலுக்கும் புதியதற்கும் வித்தியாசம் தெரியாது.

முதல் துளையில் ஊசியை விடுவதற்காகக் கிழிசலை விரித்தாள். உள்ளே சணல் கயிறு கட்டிய கடிதக் கட்டும், கயிற்றில் செருகிய சீட்டும் தெரிந்தன. கட்டின் அடியில், கிழிசலை ஒட்டி, ஒரு போஸ்ட் கார்டு. அதில் நீல மையில் சாய்வான எழுத்து.

செல்வி சூ. சாந்தாமேரி.

ஊசி நின்றது.

"என்ன சாமி?"

"எனக்கு ஒரு கார்டு வந்திருக்குதுங்க."

ஐயாக்கண்ணு குனிந்து பார்த்தார். படிக்கத் தெரியாதவர். ஆனாலும் பார்த்தார். "சந்தோசம். ரைட்டர் குடுப்பாரு" என்றார். அந்த வார்த்தையில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

பழக்காலத்தில் கடிதங்கள் மெதுவாக நடக்கும் என்பது தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்தில் எல்லோருக்கும் தெரியும். கடிதம் வந்தால் கல்யாணம் என்பார்கள், சாவு என்பார்கள், கிளம்பிப் போவார்கள். பழம் யாருக்காகவும் காத்திருக்காது, செடியிலேயே கறுத்துவிடும். அதனால் சில கடிதங்கள் ஆபீஸ் டிராயரில் பொங்கல் வரைக்கும் தூங்கும். கிறிஸ்துமஸ் வாழ்த்து தை மாதம் கைக்கு வந்தவர்கள் உண்டு. ஆனால் தன் கடிதத்தையும் மனுவேல் அப்படிச் செய்வார் என்று சாந்தா ஒரு நாளும் நினைத்ததில்லை. ஞானத்தகப்பன் ஆயிற்றே.

கயிற்றை ஊசி நுனியால் கொஞ்சம் நெகிழ்த்தினாள். கார்டை விரலால் தள்ளித் தள்ளி, மறுபக்கம் தெரிகிற மாதிரி கிழிசலுக்கு நேராகத் திருப்பினாள்.

"கண்ணு, நேரமாச்சு."

"தைச்சுக்கிட்டேதானுங்க பாக்கறேன்."

அது உண்மைதான். கை தைத்தது, கண் படித்தது. ஆறு விரல் வெளிச்சத்தில் ஒரு கடிதத்தை எவ்வளவு படிக்க முடியுமோ அவ்வளவு. அன்புள்ள சாந்தாமேரிக்கு. நூலை இழுத்து இறுக்கினாள். அக்டோபரில் எழுதிய கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. ஊசி வளைந்து போய் மறுபக்கம் தலைநீட்டியது. அக்டோபர். எந்த அக்டோபர்க் கடிதம்? அந்தச் சனிக்கிழமைகளில் அவள் ஆபீஸ் படியில் நின்று கேட்டபோது, மனுவேலின் முழங்காலுக்கு நேராக, டிராயருக்குள் அது இருந்திருக்கிறது.

ஏழு துளை முடிந்தது. கிழிசல் நான்கு விரலாகச் சுருங்கியது. கார்டை நகத்தால் மேலே நகர்த்தினாள். செருப்புப் பிரிவில் உனக்காக வைத்திருக்கும் இடத்தை இனியும் வைத்திருக்க முடியாது. டிசம்பர் இருபது, திங்கட்கிழமை காலை நேரில் வந்தால் வேலை உனக்கு. இல்லாவிட்டால் வேறு பெண்ணுக்கு.

நாளைக்கு ஞாயிறு. நாளைக் காலை முதல் பஸ்ஸில் சேலம் இறங்கினால் ராத்திரிக்குள் போய்விடலாம். மூன்று வருஷமாகப் பார்த்த அதே சுவரும் அதே கம்பியும் ஒரு நிமிஷம் தாளில் வரைந்தவை மாதிரி மெலிந்து தெரிந்தன. தேதி தெரிந்துவிட்டது. கார்டு எதற்கு? அது டிராயரிலேயே தூங்கட்டும், அவள் பஸ்ஸில் இருப்பாள்.

பன்னிரண்டாவது துளை. பதின்மூன்று. இன்னும் இரண்டு விரல் இடம்தான் திறந்திருந்தது. கார்டின் கடைசி வரி அதில் வந்து நின்றது. வரும்போது இந்தக் கார்டைக் கொண்டுவா. வாசலில் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள்.

ஊசியை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணா, இந்தக் கார்டு எனக்கு வேணுமுங்க."

ஐயாக்கண்ணு அவள் முகத்தைப் பார்த்து உடனே புரிந்துகொண்டார். "எடுத்தா?"

"எடுத்தா ஒண்ணு குறையும்."

"சீட்டுல எத்தனை போட்டிருக்குது?"

"பதினாலுங்க."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு சாக்கின்மேல் உட்கார்ந்தார். "கண்ணு, பதிமூணோட போய் நான் அந்த மேசைக்கு முன்னால நிக்க முடியுமா? கிழிஞ்சாலே வேலை போகும். கடுதாசி காணாமப் போச்சுன்னா போலீசு. உனக்கே தெரியும்."

தெரியும். எடுக்கவும் முடியாது. கேட்கவும் முடியாது. எனக்கு ஒரு கார்டு வந்திருக்கிறது, கொடுங்கள் என்று ஆபீஸில் போய் நின்றால், பூட்டிய பைக்குள் இருந்தது உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். தனக்கு வந்த கடிதத்தைப் படித்துவிட்டு, படிக்காதவள் மாதிரி அதைத் தன் கையாலேயே உள்ளே வைத்துத் தைக்க வேண்டும். இந்த ஸ்டோர் ரூமுக்குக் கதவாவது இருந்தது, இதற்கு அதுவும் இல்லை.

"நாலாகப் போகுது சாமி" என்றார் ஐயாக்கண்ணு. அழுதுவிடுவார் போலிருந்தது.

அவள் ஊசியை எடுத்தாள். மிச்சமிருந்த நான்கு துளைகளையும் தைத்தாள். கண் மட்டும் கடைசி வரை அந்த வரியை விடவில்லை. கொண்டுவா என்ற சொல்லின் வால் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். முடிச்சை உள்ளே தள்ளி, நூலை வெட்டி, விளிம்பைக் குத்தூசிப் பிடியால் தட்டிச் சமன்படுத்தினாள். ஐயாக்கண்ணு தடவித் தடவிப் பார்த்தார். கிழிந்த இடம் எது என்று அவருக்கே தெரியவில்லை.

"உன் கையில ஏதோ இருக்குது கண்ணு. நொம்பப் பெரிய உதவி." பையை மாட்டிக்கொண்டு மூட்டத்துக்குள் ஓடினார்.

விளக்கை ஊதி அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது அவள் காதுக்கு வந்தது. தோலுக்குள் ஊசி போகும்போது சத்தம் வராது. எண்ணெய்க்குள் போகிற மாதிரி போகும். கடைசிக்கு முந்தின துளையில் ஒரு சத்தம் வந்தது. டப் என்று, முரசில் நகம் பட்ட மாதிரி. அது காகிதத்தின் சத்தம்.

கார்டைப் பையோடு சேர்த்துத் தைத்திருக்கிறாள்.

கண் தவறியதா, கை வேண்டுமென்றே செய்ததா என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னைக் கேட்டிருக்கிறாள். பதில் கிடைத்ததில்லை. அந்த நேரத்தில் யோசிக்கவும் இல்லை. குத்தூசியைக் கையில் பிடித்தபடியே எழுந்து ஓடினாள். காப்பி காயப்போடும் களத்தைத் தாண்டி, சில்வர் ஓக் வரிசையைத் தாண்டி, வழுக்குகிற செம்மண்ணில் இரண்டு தடவை கைகளை ஊன்றி எழுந்து ஓடினாள். ஐயாக்கண்ணுவை எங்கேயும் பிடிக்க முடியவில்லை.

ஆபீஸ் வாசலில் பழம் அளக்கக் கூட்டம் நின்றது. கூடைகளோடு பெண்கள், நடுவில் அம்மா. அவளுக்கு முன்னால் ஐயாக்கண்ணுவின் மனைவி கண்ணாயி. மேசைமேல் பை ஏற்கெனவே திறந்து கிடந்தது. மனுவேல் கடிதங்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை எச்சில் தொட்டு எண்ணினார்.

"பதிமூணுதான் இருக்குது. என்னய்யா ஐயாக்கண்ணு?"

ஐயாக்கண்ணுவின் கண் கூட்டத்தில் சாந்தாவைத் தேடிக் கண்டுபிடித்தது. எடுத்துவிட்டாயா என்று அந்தக் கண் கேட்டது. இல்லை என்று அவள் தலையசைத்தாள். அவர் நம்பினாரா தெரியவில்லை.

மனுவேல் பைக்குள் கைவிட்டுத் துழாவினார். கை ஓரிடத்தில் நின்றது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. பையின் வாயை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். அடியில், மூலையோடு மூலையாக, ஒரு போஸ்ட் கார்டு வௌவால் மாதிரி தொங்கியது.

"கடுதாசிக்கு எறங்க மனசில்லைங்களா?" என்றாள் கண்ணாயி. கூட்டம் சிரித்தது.

மனுவேல் சிரிக்கவில்லை. தையலை வெளியே திருப்பி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். உள்ளே கடிதம் இருக்கும்போது தைத்த தையல். இந்த மலையில் அப்படித் தைக்கிற கை ஒன்றுதான். மெதுவாக நிமிர்ந்தார். சாந்தா கையில் குத்தூசியோடு, முழங்கை வரை செம்மண்ணோடு நின்றாள்.

"பூட்டின பையைத் தொறந்தீங்களா ரெண்டு பேரும்?"

"தொறக்கலீங்க. கிழிஞ்சுது, தைச்சேன்" என்றாள்.

அவர் கார்டைப் பிடித்து இழுத்தார்.

"இழுக்காதீங்க பெரியப்பா. கிழிஞ்சிரும்."

"அப்ப நீயே எடு."

அவள் படியேறி மேசை முன்னால் நின்றாள். வெளிப்பக்கம் குத்தூசி முனையை விட்டு இரண்டு தையலைத் தூக்கி அறுத்தாள். அடுத்தது, அதற்கடுத்தது. தைக்க எடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. கார்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது. மூலையில் ஒரே ஒரு துளை.

மனுவேல் கையை நீட்டினார். அந்தக் கை அவளுக்குத் தெரிந்த கை. அவள் நெற்றியில் தண்ணீர் விழுந்தபோது அவளைத் தாங்கியிருந்த கை. "குடு கண்ணு. பழம் முடியட்டும்" என்றார். சத்தம்கூட உயரவில்லை.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்தால் இன்னொரு பழக்காலம். அதற்குப் பிறகு இன்னொன்று. சாந்தா கார்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பூசையில் வாசகம் படிக்கிறவளைப் போலச் சத்தமாகப் படித்தாள். கடைசி வரி வரைக்கும் நிறுத்தவில்லை.

கண்ணாயி இடுப்பிலிருந்த கூடையை இறக்கி வைத்தாள்.

"அக்டோபர்க் கடுதாசி எங்கீங்க?" என்றாள்.

"செம்மநத்தத்துல எங்க அக்கா ஐப்பசி மாசமே போட்டேன்னு சொன்னா. எனக்கும் வரலீங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மனுவேலின் கை இறங்கியது. அவர் கண்ணாயியைப் பார்க்கவில்லை, சாந்தாவைப் பார்க்கவில்லை. அற்புதத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை போன வழியே சாந்தாவும் திரும்பினாள். அம்மா கூடைக்குள் இருந்த பழங்களில் இலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஊரே வாய்பிளந்து நிற்கும்போது அம்மாவுக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை.

"போ" என்றார் மனுவேல், நாற்காலியில் சாய்ந்து. "உன் இஷ்டம். ஆனா ரெண்டு பேரு வேலை பாக்கறதுக்குன்னு எஸ்டேட்டு குடுத்த லயத்து ஊடு நீங்க இருக்கறது. பழம் முடியற வரைக்கும் அற்புதத்தை யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க. அப்பறம் என் கையில இல்லை." பிறகு ஐயாக்கண்ணுவிடம் திரும்பினார். "நீ திங்கக்கிழமை மம்பட்டி எடுத்துக்க."

ஐயாக்கண்ணு தோளிலிருந்து வாரைக் கழற்றத் தொடங்கினார்.

"பையில ஓட்டை இருக்குதுங்க" என்றாள் சாந்தா. "திங்கக்கிழமை காலையில முதலாளிக்கு ரிப்போர்ட் எதுல போகும்?"

"நீதான் தைக்கோணும்."

"தைக்கறேன். அண்ணன்தான் தூக்குவாருன்னா தைக்கறேன். இல்லைன்னா எனக்கு நாளைக்குப் பஸ்ஸுக்குத் துணி மடிக்கோணும்."

மனுவேல் அவளை வெகுநேரம் பார்த்தார். கோபமா, வருத்தமா என்று சொல்ல முடியாத பார்வை. "இப்புடிப் பேச எங்க கத்துக்கிட்ட?" என்றார். பிறகு ஐயாக்கண்ணுவிடம், "அந்த வாரை விடுய்யா, அதையும் பிச்சுறாத" என்றார்.

கூட்டம் கலைந்தது. யாரோ அவளுடைய ஊசியையும் நூலையும் ஸ்டோர் ரூமிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆபீஸ் படியில் உட்கார்ந்து பையை மடியில் போட்டாள். இப்போது பூட்டு இல்லை. வாய் திறந்திருந்தது, இரண்டு ஊசியால் தைக்கலாம். ஆனால் விளிம்புகளைச் சேர்த்துப் பிடிக்க ஆள் வேண்டும். கேட்காமலே அற்புதம் வந்து எதிரில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். அவள் விரல்களில் காப்பிப் பழத்தின் பிசின் ஒட்டியிருந்தது.

நான்கு துளை முடிந்தது.

"நாந்தான் டிராயர்ல வெக்கச் சொன்னேன்" என்றாள் அற்புதம்.

சாந்தா ஒரு ஊசியை இந்தப் பக்கமும் இன்னொன்றை அந்தப் பக்கமும் இழுத்தாள். "பழம் முடியற வரைக்குமா?"

"அது ரைட்டர் சொன்னது. நான் அப்படிச் சொல்லலை."

"அப்ப எதுவரைக்கும்மா?"

அற்புதம் பையையே பார்த்தாள். "பதினஞ்சு வயசுல உங்கப்பாவோட அனுப்பினேன். நாலு வருசம். ஒரு நாள் பொட்டியோட வந்து எறங்கின. பொட்டிக்குள்ள அவரு. அந்த எடத்துக்கே திரும்பவும் போறேங்கற. மூட்டம் எறங்கினா நம்ம ரூம்ல என் கையே எனக்குத் தெரியாது கண்ணு. நீ மூச்சு விடறது கேக்கும், அதை வெச்சுத்தான் நான் இருக்கேன்னு தெரியும்."

சாந்தாவின் கை நின்றது. அக்டோபரிலிருந்து தினமும் ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு இந்த மூச்சைக் கேட்டிருக்கிறாள் அம்மா. சனிக்கிழமை சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பி வரும்போது, "வரலையா கண்ணு?" என்றும் கேட்டிருக்கிறாள். திட்ட வேண்டும் போலிருந்தது. அந்த மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, போகவில்லை என்று சொல்லிவிட வேண்டும் போலவும் இருந்தது. சொன்னால் எவ்வளவு சுலபமாக இருக்கும். நாளைக்குக் காலையில் ஜன்னலடியில் ஒரு பூட்ஸ் காத்திருக்கும்.

"நல்லா இறுக்கிப் புடிம்மா" என்றாள். "விளிம்பு நழுவுது."

அற்புதம் இறுக்கிப் பிடித்தாள். தையல் ஒவ்வொன்றாக விழுந்தது. பழைய துளைகள் இரண்டு இடத்தில் அகன்று போயிருந்தன. அங்கே மட்டும் கிழியாத தோலில் புதிதாகக் குத்தித் தைத்தாள். மறைக்கிறதற்கு இனி ஒன்றுமில்லை. கரி தொடாத நூல் கறுப்புத் தோலில் வெள்ளையாக ஓடியது. கடைசித் துளையில் இரண்டு நூலையும் எதிரெதிராக இழுத்து முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்தாள்.

"முடிஞ்சுது" என்றாள்.

அற்புதம் பையை விடவில்லை.

மேசையில் மனுவேல் விளக்கை ஏற்றினார். வாசற்கம்பத்தில் சாய்ந்து ஐயாக்கண்ணு காத்துக்கொண்டிருந்தார். சாந்தா அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விளிம்பிலிருந்து எடுத்துவிட்டாள். பிசின் ஒட்டியிருந்ததால் அவை மெதுவாகத்தான் வந்தன. கடைசி விரலை எடுத்ததும் பையை ஐயாக்கண்ணுவிடம் நீட்டினாள்.

"ஏனுங்ண்ணா, நாளைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்குங்க?"

"ஆறேகாலுக்கு. வெளிச்சம் வரும் முன்னயே கெளம்போணும். நான் வந்து மேலே கொண்டுபோய் விடறேன்."

"வேண்டாம்" என்றாள் அற்புதம். எழுந்து, முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள். "பஸ் வரைக்கும் நான் வர்றேன்."